நடு ஆற்றில் கேட்டதா?

இஞ்சருங்கோ,

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக யோசித்தேன். 'அன்பின்', 'ஆருயிர்' என்றெல்லாம் எழுதிப் பார்த்து, சிரிப்பு வந்து, தாளைக் கிழித்துப் போட்டேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் உங்களைக் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லில்தான். என்னிடமிருந்த அன்பு, கோபம், அவசரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது. அதனால் அதையே மேலே போட்டிருக்கிறேன்.

இதை இங்குள்ள தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுக்கப் போகிறேன். முன்பின் தெரியாத சனமெல்லாம் படிக்கும். படிக்கட்டும். உங்களுக்கு அனுப்ப என்னிடம் வேறு விலாசம் இல்லை.

முதலில் எங்கள் பாடு. ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடமாகிறது. தம்பி ஸ்பொன்சர் செய்து எடுத்தான். இப்போது மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் றோட்டுக்குக் கிட்ட, ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் நானும் மகளும் இருக்கிறோம். நான் படித்த கணிதமும் படிப்பித்த கணிதமும் இங்கே செல்லவில்லை. ஒரு தொழிற்சாலையில், பெல்ற்றில் வரிசையாக வரும் கண்ணாடிப் போத்தல்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுக்கிற வேலை. கண்ணை எடுத்தால் நாலு போத்தல் போய்விடும். தர்சினிக்கு இருபத்தொரு வயது. நேர்ஸிங் படிக்கிறாள். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம், சாப்பாட்டுக்கு மூன்று தரம் கூப்பிட வேண்டும். என்னிடமிருந்து அவள் எதை எடுத்தாள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இனி, எழுத வந்த காரணம். அன்றைக்கு ஆற்றங்கரையில் நின்று நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதா, இல்லையா? பன்னிரண்டு வருடம் இந்தக் கேள்வியோடு படுத்து, இந்தக் கேள்வியோடு எழும்பியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேசையில் இருந்துகொண்டு என் சோற்றைச் சாப்பிட்ட ஒருத்தி அதற்குப் பதில் சொன்னாள். பதில் வந்தால் நிம்மதி வரும் என்றல்லவா நினைத்திருந்தேன்?

நீங்கள் அறிந்த கதையை நான் திருப்பிச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டுமே. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டொக்டர் வேலைக்கு என்னைச் சாம்பியாவுக்குக் கூட்டிப்போனீர்கள். பட்டணத்தில் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தோம். மின்சாரம் இருந்தது, கடை இருந்தது, ஞாயிறுகளில் வந்து போக நாலு யாழ்ப்பாணக் குடும்பங்கள் இருந்தன. அப்போதுதான் தூரத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டர் இல்லையென்று யாரோ உங்கள் காதில் போட்டார்கள். ஆறு மாதம்தான் என்றீர்கள். ஆறு வருடம் இருந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது முதல் ஒரு வருடம் மட்டும்தான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தகரக் கூரை, நாற்பது கட்டில், மூன்று வெள்ளைக்காரச் சிஸ்டர்மார். கட்டிலில் நோயாளி என்றால் கட்டிலுக்குக் கீழே அவரின் சொந்தக்காரர் இரண்டு பேர். ஜெனரேற்றர் ஒப்பரேஷனுக்கு மட்டும் ஓடும். ஆஸ்பத்திரியும் நான் படிப்பித்த பள்ளிக்கூடமும் கிழக்குக் கரையில். றோட்டும் மற்ற உலகமும் மேற்குக் கரையில். நடுவில் அந்த ஆறு.

ஆற்றைக் கடக்க ஒரு மிதவை இருந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுவதை எங்கள் ஊரில் பாதை என்பதால், இதையும் பாதை என்றே சொன்னோம். ஆனால் இதற்கு எஞ்சின் கிடையாது. இரண்டு கரைக்கும் குறுக்கே இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பியை ஆட்கள்தான் பிடித்து இழுக்க வேண்டும். வெறுங்கையால் பிடித்தால் தோல் உரிந்துவிடும். அதற்காக ஆளுக்கொரு கட்டை. முழ நீளம், நடுவில் ஒரு வெட்டு. வெட்டைக் கம்பியில் கொளுவி, உடம்பைச் சாய்த்து இழுப்பது. டொக்டர் இழுக்கத் தேவையில்லை என்று பாதைக்காரர் எத்தனையோ தரம் சொன்னார். நீங்களா கேட்கிற ஆள்? உங்களுக்கென்று ஒரு கட்டை செய்வித்து வைத்திருந்தீர்கள்.

அடுத்தது, பெயர். எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் புருசனின் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பார்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிய நான் இதை நம்பவில்லை. நான் நம்பவில்லை என்பது என் வாய்க்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் பெயர் நாக்கு வரைக்கும் வரும், வந்து நின்றுவிடும். நீங்கள் விடாமல் சீண்டுவீர்கள். "ஒருக்கா சொல்லும் பாப்பம். நான் என்ன உப்பே, கரைஞ்சு போக?" அந்தப் பகிடியை நீங்கள் விட்டிருக்கக் கூடாது.

மத்தியானத்தில் வீட்டு வாசலில் நின்று ஆஸ்பத்திரிப் பக்கம் பார்த்து 'இஞ்சருங்கோ' என்று கூப்பிடுவேன். அந்தச் சனத்துக்கு எங்கள் 'ர' வராது. வராந்தாவில் நிற்கிற நேர்ஸ் பிள்ளைகள் 'இஞ்சலுங்கோ, இஞ்சலுங்கோ' என்று பின்பாட்டுப் பாடுவார்கள். டொக்டரின் மனுசி சோற்றோடு காத்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆற்றுப்பக்கம் முழுவதிலும் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரே ஒரு தொண்டைதான் இருந்தது. நீங்கள் உள்ளே இருந்து "வாறன், வாறன்" என்பீர்கள். சோறு ஆறின பிறகு வருவீர்கள்.

அன்று ஆறு பெருகியிருந்தது. மேற்குக் கரையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இரண்டு நாளாக நோவில் கிடக்கிறாள், பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று ஆள் வந்து சொன்னது. பாதைக்காரர் தண்ணீரைப் பார்த்துத் தயங்கிக்கொண்டு நின்றாராம். நீங்கள் ஒரு நேர்ஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் கரைக்கு வந்தபோது பாதை அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு திரும்பி, நடு ஆற்றுக்கு வந்திருந்தது. பாதைக்காரர் நாலு பேரும் கம்பியில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பலகையில் முழங்காலில் நின்று, ஸ்ட்ரெச்சரில் கிடந்த பெண்ணின் வயிற்றில் கை வைத்திருந்தீர்கள். உருளாமல் இருக்க அந்த ஸ்ட்ரெச்சரைப் பலகையோடு துணியால் கட்டியிருந்தது.

நான் நின்றது மேட்டில். மேலே ஆறு திரும்புகிற இடம் அங்கிருந்து என் கண்ணுக்குத் தெரியும், கீழே இருந்த உங்கள் ஒருவருக்கும் தெரியாது. அந்தத் திருப்பத்தில் ஒரு மரம் வந்தது. வேரும் கிளையுமாக முழு மரம்.

இஞ்சருங்கோ என்று கத்தினேன். வேறு என்ன கத்துவேன்? ஆறு இரைந்துகொண்டிருந்தது. மரம் எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தேன். மறுபடி உங்களைப் பார்த்தபோது நீங்கள் அந்தப் பெண்ணின் கால்மாட்டில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தீர்கள். கேட்கவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். பெயர் நாக்கில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

மரம் கம்பியில் மோதியது. பாதை ஒருபக்கமாகச் சரிந்தது. கம்பியைப் பிடித்திருந்தவர்கள் தொங்கிக்கொண்டு கிடந்து பிழைத்தார்கள். அந்தப் பெண்ணும் பிழைத்தாள். வயதான சிஸ்டர் கையால் திருப்பிப் பிள்ளையை எடுத்தாராம். பிள்ளை தங்கவில்லை. மூன்று நாள் வள்ளங்களில் தேடினார்கள். உங்கள் கண்ணாடிகூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் கிடந்த வார்ட் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்குப் பிறகு மூன்று கிழமை நான் அங்கே இருந்தேன். ஒருநாளும் போய் அவளைப் பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடந்தவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். இதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன்.

இங்கே வந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? அங்கே ஒரே தொண்டையில் இருந்த சொல் இங்கே ஆயிரம் தொண்டையில். அஜின்கோர்ட்டில் தமிழ்க் கடைக்குப் போனால், மரக்கறிப் பக்கம் நின்று ஒரு மனுசி, இஞ்சருங்கோ, உந்தக் கத்தரிக்காயைப் பாருங்கோ என்பாள். நான் தள்ளுவண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த மனுசன் திரும்பிப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பார்க்காவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் ஒருவர் காதில் விழாத மாதிரியே நின்றார். நான் போய் அவரின் தோளில் தட்டி, மனுசி கூப்பிடுறா, கேக்கேல்லையோ என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

இமிகிரேஷனில் உங்கள் பெயரைக் கேட்டபோது எழுதிக் காட்டினேன். றிச்மண்ட் ஹில் கோயிலில் உங்கள் திதிக்கு ஐயர் கேட்டால் தர்சினி சொல்லுவாள். தொழிற்சாலை இரைச்சலுக்குள் சிலநேரம் எனக்குப் பின்னால் "வாறன், வாறன்" என்று கேட்கும். திரும்பினால் போத்தல் போய்விடும். ஆனாலும் சிலநாள் திரும்பியிருக்கிறேன். சுப்பவைசரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

போன வருடம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். உடனே வந்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு லேசாக வருகிற பெயர். இதற்காகவா என்று தரையில் இருந்து அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தர்சினி பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரியில் ஒரு ஆபிரிக்க நேர்ஸ், எந்த நாடு என்று விசாரித்துக் கதைத்திருக்கிறா. சின்ன வயதில் இன்ன ஆற்றங்கரையில் இருந்தோம், அப்பா அங்கே டொக்டர் என்று இவள் சொல்ல, அந்தப் பெண் இவளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாவாம். அது கிரேஸ். அன்று உங்களோடு பாதையில் வந்த அதே நேர்ஸ் பிள்ளை. வராந்தாவில் பின்பாட்டுப் பாடின கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அன்று தோள் முறிந்த அவளை அடுத்த நாளே மிஷன் பிளேனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் நான் நாட்டை விட்டுப் போய்விட்டேன்.

எனக்கு அவளைப் பார்க்க விருப்பமில்லை. சாட்டுகள் சொல்லிப் பார்த்தேன். உங்கள் மகள் விடவில்லை.

"அம்மா, ஷீ வோஸ் தெயர். அவதான் அப்பாவைக் கடைசியாக் கிட்ட நிண்டு பாத்தவ. நீங்க கதைக்கத்தான் வேணும்."

கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். கிரேஸ் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கே சோளக்களி சாப்பிடுகிற மாதிரி, சோற்றை விரல்களால் உருட்டிச் சாப்பிட்டாள். முப்பது தாண்டியிருக்கும், உடம்பு வைத்திருக்கிறது, சிரிப்பு அப்படியே இருக்கிறது. நான் பனியைப் பற்றிக் கதைத்தேன். வீட்டு வாடகையைப் பற்றிக் கதைத்தேன். கேட்க வேண்டியதைத் தவிர எல்லாம் கேட்டேன். இரண்டாம் தரம் சோறு போடும்போது அவளே சிரித்துக்கொண்டு, "நீங்கள் சாப்பாட்டுக்கு அவரைக் கூப்பிடுவீர்களே, இஞ்சலுங்கோ என்று" என்றாள்.

அகப்பையைக் கீழே வைத்தேன். அன்றைக்கும் கூப்பிட்டேன், அது அவருக்குக் கேட்டிருக்குமா என்று கேட்டேன்.

கிரேஸ் என்னையும் தர்சினியையும் மாறி மாறிப் பார்த்தாள். "கேட்டதே. உங்களுக்குத் தெரியாதா? அவர் உங்களைப் பார்த்தாரே."

அவள் சொன்னது இதுதான். நீங்கள் தலையை நிமிர்த்தி, என் மனுசி கூப்பிடுகிறா, சோறு ஆறுகிறது போல என்று சொல்லிச் சிரித்தீர்களாம். கரையில் என்னைப் பார்த்தீர்களாம். நான் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பினீர்களாம். அப்போதுதான் மரத்தைக் கண்டீர்களாம். உங்கள் கட்டையை எடுத்து அவளின் கையில் வைத்து, கம்பியில் கொளுவிப் பிடி, விடாதே என்றீர்களாம். பிறகு குனிந்து ஸ்ட்ரெச்சரைக் கட்டியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினீர்களாம். கட்டோடு சரிந்தால் அந்தப் பெண் தலைகீழாகத் தண்ணீருக்குள் போயிருப்பாள். இரண்டு முடிச்சு. முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது நனைந்து இறுகிப் போயிருந்தது. அதைப் பல்லால் கடித்து இழுத்தீர்களாம். அது அவிழ்ந்ததும் மரம் மோதியதும் ஒரே நேரம். கிரேஸ் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அந்தப் பெண்ணையும் பிடித்திருந்தாள். அவளின் தோள் முறிந்தது அப்படித்தான்.

அப்படியென்றால் நான் கண்டது அதுதான். கேட்காமல் குனிந்திருக்கிறீர்கள் என்று பன்னிரண்டு வருடம் நான் நினைத்திருந்தேன். நீங்கள் கேட்ட பிறகுதான் குனிந்திருக்கிறீர்கள்.

தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சொல்லாமல் விட மாட்டேன், கேளுங்கோ. கேட்டும் வரவில்லை நீங்கள். கையில் இருந்த கட்டையையும் கொடுத்துவிட்டீர்கள். கட்டாயம் கொடுக்கத்தான் வேண்டுமா? கம்பி ஒரு எட்டில் இருந்ததாமே. ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு எழும்பியிருக்கக் கூடாதா? கரையில் நானும் பள்ளிக்கூட வாசலில் ஒன்பது வயதுப் பிள்ளையும் நிற்பது உங்களுக்கு நினைவில் வரவில்லையா? இரண்டு நாள் சட்டி பானையோடு சண்டை பிடித்தேன். உயிரோடு இருந்த காலத்தில்கூட உங்களோடு அப்படிச் சண்டை பிடித்ததில்லை. பெயர் சொல்லாததால்தான் நீங்கள் போனீர்கள் என்ற பாரம் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் நீங்களே வந்து குந்திக்கொண்டீர்கள்.

ஆனால் கிரேஸ் போகும்போது வாசலில் இன்னொன்று சொன்னாள். அப்போது அது எனக்கு ஏறவில்லை. "அவர் உங்களை நல்ல நேரம் பார்த்தார். நீங்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டீர்கள் என்றுதான் இவ்வளவு காலமும் நான் நினைத்தேன்."

புதன்கிழமை வேலையில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. பெல்ற் ஓடிக்கொண்டிருந்தது, போத்தல்கள் போய்க்கொண்டிருந்தன, என் கை எழும்பவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை ஓடிவந்து அன்ரி, ஓக்கேயா என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் கூப்பிட்டேன், நீங்கள் பார்த்தீர்கள். அந்த நேரம் நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடைசிப் பார்வை என்னிடம் வந்து சேர்ந்தபோது என் முகம் வேறு பக்கம் இருந்தது. கேட்டதா, கேட்டதா என்று உங்கள் காதையே பிழை சொல்லிக்கொண்டு இருந்தேனே. பார்க்காமல் விட்டது நானல்லவா?

நல்ல நேரம் என்றால் எவ்வளவு நேரம்? நான் திரும்புவேன் என்று பார்த்துக்கொண்டு இருந்தீர்களா?

கிரேஸ் வருகிற மாசியில் லீவில் ஊருக்குப் போகிறாள். அந்தப் பாதை இன்னும் ஓடுகிறதாம், கம்பி மட்டும் புதிதாம். தர்சினி தானும் போகப் போவதாகச் சொன்னாள். முன்பு கேட்ட போதெல்லாம் வேண்டாம் என்று மறித்தவள் நான். இந்த முறை, நானும் வாறன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. முதலில், அன்று ஸ்ட்ரெச்சரில் கிடந்த அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பெயரைக் கேட்பேன். பிறகு கரைக்கு வருவேன்.

அது வெள்ளம் வருகிற மாதம் என்று எனக்குத் தெரியும். வரட்டும். அதே மேட்டில் நிற்பேன். திருப்பத்தில் மரம் வந்தாலும் மலை வந்தாலும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நடு ஆற்றிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டேன். நீங்கள் பார்க்கிற நேரம் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் மனுசி,
தர்சினியின் அம்மா
மில்லிக்கன்